“அப்பாவுக்கு ஒண்ணு” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள், அண்ணாச்சி

எங்கள் ஏரியாவில் பெட்டிக்கடை, டீக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம். சண்டை போட எழுதவில்லை. நானும் பீடியால் வளர்ந்தவன்தான். திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் எனக்கு நோட்டும் பேனாவும் வந்தன. தாத்தாவுக்குப் பீடிக்கட்டு வாங்கக் கடைக்கு ஓடியதும் நான்தான், மிச்சக் காசுக்குத் தேன்மிட்டாய்.

போன வாரம் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். மேலே கலர் சட்டை, கீழே பள்ளிக்கூட பேண்ட். “அப்பாவுக்கு ஒண்ணு” என்றான். கடைக்காரர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவிக் கொடுத்தார், சில்லறை இல்லாததால் பாக்கிக்கு ஒரு புதினா மிட்டாய். பையன் வீட்டுப் பக்கம் போகவில்லை, தண்ணீர்த்தொட்டிச் சந்துக்குள் போனான், அங்கே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வாய் நாற்றத்துக்கு மிட்டாயையும் நாமே கொடுத்து அனுப்பியிருக்கிறோம்!

2003-ம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்கிறது. யாருக்காக வாங்குகிறான் என்பதை அது கேட்பதே இல்லை. சந்தேகம் வந்தால் வயதுக்கு ஆதாரம் கேட்க வேண்டியது விற்பவர்தான். அப்புறம், 18 நிரம்பாத பையன் கையால் விற்கவும் கூடாது, லீவு நாளில் மகனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பெரியவர்களுக்கே விற்கக் கூடாது.

“மாட்டினால் 200 ரூபாய்தானே” என்று ஒருவர் என்னிடம் சிரித்தார். அந்தச் சட்டத்தில் அவ்வளவுதான், உண்மை. ஆனால் 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் 77-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒற்றை சிகரெட்டில் நிற்கிற லாபத்துக்கு இது தேவையா?

இந்த ஒற்றை வியாபாரம்தான் பையன்களுக்கு வசதி. முழுப் பாக்கெட் வாங்க அவனிடம் காசு இருக்காது. பாக்கெட்டின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற எச்சரிக்கைப் படமும், நீங்கள் ஒன்றை உருவிக் கொடுக்கும்போது அவன் கண்ணில் படாது. நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவான் என்பீர்கள். சரிதான், அதனால்தான் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வயசு எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வீட்டுப் பையன், எத்தனாவது படிக்கிறான், போன பரிட்சையில் எதில் கோட்டை விட்டான் என்பது வரை உங்களுக்கு அத்துப்படி. நிஜமாகவே அப்பாதான் அனுப்பினாரா என்று தெரிய வேண்டுமானால், கடன் நோட்டில் அவர் நம்பர் இருக்கும். ஒரு போன் போட்டு, “நீங்களே வந்து வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.