ஒரியாக்குக்குப் போகும் தம்பிக்கு

தம்பி,

பிரான்ஸில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைக்கான நியமனக் கடிதத்தில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. போகலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கு இனி நம் வீட்டில் இடமில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த லிசே (மேல்நிலைப் பள்ளி), என்ன சம்பளம் என்பதெல்லாம் உனக்கே தெரியும். யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். செப்டம்பரில் கிளம்பும் உன் கூட்டாளிகளும் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் பொதுவில் போடுகிறேன். சித்தப்பாவும் படிப்பார். அதனால் சிலவற்றைத் தொடாமல் போவேன், நீ புரிந்துகொள்வாய்.

பள்ளிக்குப் போன முதல் நாள் வகுப்பறையைத் தேடாதே, அலுவலகத்தைத் தேடு. நீ பணியில் சேர்ந்ததற்கு ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ப்ரோசே வெர்பால் என்பார்கள். அது வட்டாரக் கல்வி அலுவலகமான ரெக்டோராவுக்குப் போனால்தான் சம்பளப் பட்டியலில் உன் பெயர் ஏறும். கூடவே வங்கிக் கணக்கு விவரத் தாளும் போக வேண்டும், அதற்குப் பெயர் ரிப். இரண்டும் அக்டோபர் தொடக்கத்திலேயே போய்ச் சேராவிட்டால் முதல் சம்பளம் நவம்பர் கடைசியில்தான். கைக்கு வருவதே மாதம் 800 யூரோ அளவுதான். அதனால் 1,500 யூரோவாவது கையில் இல்லாமல் விமானம் ஏறாதே.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் வங்கி. கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். வீடு கொடுப்பவரோ முதலில் வங்கிக் கணக்கைக் காட்டு என்பார். இதற்கு ஒரு வழி உண்டு. பள்ளி விடுதியில், இன்தெர்னாவில், உதவி ஆசிரியருக்கு அறை கிடைக்குமா என்று இன்றே மெயில் போடு. கிடைத்தால் நீ அங்கே தங்கியிருப்பதாகப் பள்ளியே கடிதம் தரும். கிடைக்காவிட்டால், முதல் வாரம் யார் வீட்டில் தங்குகிறாயோ அவரிடம் மூன்று தாள் வாங்கு: உன்னைத் தங்கவைத்திருப்பதாகக் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் சமீபத்திய மின்கட்டண ரசீது. அப்படியும் வங்கி மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதே, மறுப்பை எழுத்தில் கேள். அந்தத் தாளோடு அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் து ஃப்ரான்ஸுக்கு விண்ணப்பித்தால் கணக்கு திறந்தே ஆக வேண்டிய ஒரு வங்கியை அவர்கள் காட்டுவார்கள். இது சட்டப்படி உள்ள உரிமை.

தனி வீடு பார்ப்பதானால் பாய் மொபிலிதே என்ற குத்தகையைக் கேள். 2018-ல் வந்த சட்டம். ஒரு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை எழுதலாம், முன்பணம் கேட்கக் கூடாது. உன் ஏழு மாதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஜாமீன்காரர் வேண்டுமென்றால், உனக்காக ஜாமீன் நிற்க விசால் என்ற திட்டம் இருக்கிறது. முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு இலவசம், ஆனால் குத்தகையில் கையெழுத்திடும் முன்பே அந்தச் சான்றை வாங்கியிருக்க வேண்டும். வாடகையில் வெப்பமூட்டும் செலவும் சேர்ந்ததா என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதே. ஒரியாக் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையூர். மின்சார ஹீட்டர் உள்ள அறையில் ஜனவரி பில் வாடகையோடு போட்டி போடும். வாடகை உதவிக்குக் காஃப் அலுவலகத்தில் விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதே. முதல் மாதத்துக்குப் பணம் கிடையாது, போன மாதங்களுக்குப் பின்னோக்கியும் தரமாட்டார்கள். விசாவை ஆன்லைனில் உறுதிசெய்ய, போய் இறங்கியதிலிருந்து மூன்று மாதம் அவகாசம் உண்டு. ஆனால் காஃப் முதல் எல்லோரும் அந்த உறுதித் தாளைத்தான் கேட்பார்கள். முதல் வாரத்திலேயே முடித்துவிடு.

எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சனிக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. கடிதத்தில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு போனில் வரைபடத்தைத் திறந்தாய். ஒரியாக். சுற்றிலும் பச்சை. விரலால் கிள்ளிக் கிள்ளிச் சுருக்கினாய், தெரிந்த ஊர் ஒன்று வரட்டும் என்று. கிளெர்மோன்-ஃபெரான் வந்தது, அது உனக்குத் தெரியாது. இன்னும் சுருக்கினாய். லியோன் வந்ததும் உன் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "பாரிஸுக்குப் பக்கமாப்பா?" என்றாள். நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பக்கம்தாம்மா" என்றாய்.

பாரிஸிலிருந்து பகல் ரயிலில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, இடையில் வண்டி மாற வேண்டும். கிளெர்மோனிலிருந்து மட்டுமே இரண்டரை மணி நேரம், மலைக்குள் குகை குடைந்து போகிற பாதை. இது எனக்கு அப்போதே தெரியும். வாய் திறக்கவில்லை. உன்னைத் தனியாக விட்டுவிட்டேன் என்று தோன்றியிருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ போயிருக்கவே முடியாது. அதுவும் உனக்குத் தெரியும், தெரிந்துதான் என் பக்கம் திரும்பாமல் இருந்தாய். அதுதான்டா எனக்கு ஆறவில்லை. நீ அங்கே பனியைப் படம்பிடித்து அனுப்பிக்கொண்டிருப்பாய். டிவியில் பாரிஸில் ஏதோ கலவரம் என்று காட்டினால் அம்மா ராத்திரி பதினொரு மணிக்கு என்னைத்தான் எழுப்புவாள். உன் ஒற்றை வார்த்தைக்கு ஏழு மாதம் நான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, வகுப்பு. அதுதான் முக்கியம்.

வகுப்பைப் பாதியாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு பேரை உன்னோடு தனி அறைக்கு அனுப்புவார்கள். ஒரு பீரியட் 55 நிமிடம், மாணவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு 45 மிஞ்சும். உன்னைப் போல் போகிறவர்கள் முதல் வாரம் "என் நாடு" என்று முப்பது ஸ்லைடு காட்டுவார்கள். பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள், மணி அடிக்கும், ஒருவன்கூட வாயைத் திறந்திருக்க மாட்டான். உன்னை வரவழைத்ததே அவர்கள் பேசத்தான். எழுத்துத் தேர்வு எழுதியே பழகியவர்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கூசுவார்கள். அதனால் முதல் மூன்று நிமிடம் தாளில் குறிப்பெடுக்க விடு, பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் பேச விடு, அதற்கப்புறம்தான் எல்லோர் முன்னும். இருவருக்கும் ஒரே தெருவின் படத்தைக் கொடு, ஆனால் எட்டு இடத்தில் வித்தியாசம் இருக்கட்டும். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். பேசாமல் முடிக்க வழியே இல்லாத வேலைதான் நல்ல வேலை. நடுவில் இலக்கணத்தைத் திருத்தாதே. காதில் விழுந்த நாலைந்து தப்பைக் குறித்து வைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுது.

வாரத்துக்கு ஒரு பாடம் தயாரித்தால் போதும். பன்னிரண்டு குழுவுக்கும் அதையே கொண்டுபோ, லிசேயின் முதல் வகுப்பான ஸகோந்துக்கு எளிதாக்கு, கடைசி வகுப்பான தெர்மினாலுக்கு ஒரு வாதத்தைச் சேர். மூன்றாவது குழுவில்தான் பாடம் சரியாக அமையும். மார்க் போடுவது உன் வேலை அல்ல. வராத ஆசிரியருக்குப் பதில் முழு வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் அல்ல. கேட்டால் முகத்தை முறிக்காமல், உன்னைக் கவனிக்க நியமித்த ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். அட்டவணை போடும்போதே உன் பாட மணிகளை வாரத்தில் மூன்று நாளுக்குள் திரட்டித் தரச் சொல். நடுவில் ஓட்டை விழுந்த அட்டவணை நாள் முழுவதையும் தின்றுவிடும்.

உன் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லக்கூடும். போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் விஷயம். நீ பேசுவது ஆங்கிலம்தான். குரலைத் தழைக்காதே, லண்டன்காரன் மாதிரி பேசிக்காட்டவும் முயலாதே.

உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. கடிதம், சம்பளத் தாள், ஆசிரியர் அறையில் உன் தபால் பெட்டி, எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் இருக்கும். அதைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். முதல் தடவை யாராவது அப்படி அழைக்கும்போது திரும்பிப் பார்த்துவிடாதே... வேண்டாம், இதை இங்கே எழுதவில்லை.

சாப்பாடு பற்றி அம்மா கேட்டால், பள்ளி உணவகத்தில் வாரம் ஒரு நாளாவது சைவச் சாப்பாடு போட வேண்டும் என்று 2019-லிருந்து விதி இருக்கிறது என்று சொல். மற்ற நாட்களில் பருப்பு என்று எழுதியிருந்தாலும் உள்ளே பன்றிக்கறித் துண்டு கிடக்கும், கேட்டு வாங்கு. குக்கர் எடுத்துப் போவதானால் வீட்டில் இருக்கும் அலுமினியக் குக்கர் வேண்டாம், அங்கே இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து எவர்சில்வரில் வாங்கு. ரயிலுக்கு 27 வயது வரை உள்ளவர்களுக்கான அவாந்தாஜ் சலுகை அட்டை 49 யூரோ, ஒருமுறை போய்வந்தாலே அந்தப் பணத்தைக் கிட்டத்தட்ட மிச்சம் பிடித்துவிடலாம். பஸ்ஸுக்கு மாதாந்திர பாஸ் எடு, முக்கால் பங்கைப் பள்ளிக் கல்வித்துறை திருப்பித் தரும். தனித்தனி டிக்கெட்டுக்கு அது கிடையாது.

கடைசியாகப் பிறப்புச் சான்றிதழ். மருத்துவக் காப்பீட்டு எண்ணுக்கு அது கட்டாயம். அப்பா அம்மா பெயர் இரண்டும் அதில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறக் கூடாது. வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்தீல் முத்திரையை இங்கேயே வாங்கிவிடு, அதற்கப்புறம் பிரெஞ்சு நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடு. அந்த வரிசை மாறினால் முத்திரையை மட்டும் தனியாக மொழிபெயர்க்க மறுபடி காசு கொடுக்க வேண்டியிருக்கும். மூலச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, சாவி அம்மாவிடம். கேட்கப் போகும்போதே ஒரியாக் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன்.

அக்கா