மலர் விவசாயிகள் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கையின் படி அனுப்பப்படும் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இதில் பாதிக்கு மேல் அவர்களுக்காக எழுதப்பட்டதுதான்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கூடியது. மற்ற இரண்டு நாட்களிலும் தலைவரும் நானும் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். தோவாளை மலரியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருநாள் பயிற்சிக்குச் சென்று வந்தோம். இவ்வாண்டு மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் அஞ்சலி செலுத்தப்பட்டது.

வியாபார நிலவரத்தைச் சொன்னால்தான் சங்கம் இவ்வாண்டு தொடங்கிய கன்று நாற்றங்கால் எதற்காக வந்தது என்பது புரியும். அரளி இலையைக் கடித்ததால் நம் பூ போகும் கேரளத்தில் ஒரு பெண் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததைத் தொடர்ந்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை விலக்கியது. அரளி நஞ்சு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆடு மாடு வாய் வைக்காது, காற்றுக்கும் வறட்சிக்கும் தாங்கும் என்பதால்தானே வேலியில்லாத விளைகளில், அதாவது தோட்டங்களில், நம் அப்பன்மார் அதை வைத்தார்கள். விலக்கு அந்த இரண்டுக்கு மட்டும்தான் என்றாலும், வாங்க வருகிறவர் மனத்தில் ஒரு தயக்கம் விழுந்துவிட்டால் அது தராசிலும் விழுந்துவிடுகிறது. அடுத்து, ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டதால் கேரள அரசு ஓணம் வாரவிழாவைக் கைவிட்டது. துக்க வீட்டாரிடம் போய் விலை பேச முடியாது. ஆகவே அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தம் தொடங்கித் திருவோணம் வரையுள்ள பத்து நாளை நம்பிக் கடன் வாங்கியவர்களின் நிலைமை உங்களுக்கே தெரியும்.

அரளிக்கு விலக்கு வந்ததுமே அதைப் பிடுங்கிவிடலாம் என்று சிலர் சொன்னபோது நான் எதிர்த்தேன். அதன்பின், பூக்களை மடித்துக் கட்டும் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரளியும் நொச்சி இலையும் இல்லாமல் அந்த மாலை இல்லை. மாலைக்குக் கிடைத்த பெருமை அரளிக்காரர் கைக்குக் காசாக வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும் என்றாலும், வேரோடு பிடுங்கியவருக்கு அது ஒருபோதும் வந்து சேராது. அதே சமயம், ஒரே பூவை நம்பியிருப்பதும் சரியல்ல. கேரளத்துக் கோயில்களில் துளசிக்கு அடுத்தபடியாக என்றும் கேட்கப்படுவது தெச்சி, அதாவது கிழக்கே உள்ளவர்கள் இட்லிப்பூ என்று சொல்வது. ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் செடி. அரளி நிற்கும் நிலத்தில் ஒரு பங்கையாவது தெச்சிக்கு மாற்ற வேண்டும், அதற்கான கன்றுகளைச் சங்கமே தயாரிக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிறைவேறிய தீர்மானத்தை நிறைவேற்றியவர் எத்தனை பேர் என்பதை இனிச் சொல்கிறேன்.

குத்தகைக்கு எடுத்த பன்னிரண்டு சென்ட் விளையில் பச்சை நிழல்வலை கட்டி, மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து பைகளை நிரப்பினோம். பிஞ்சுமில்லாமல் முற்றலுமில்லாமல் நடுப்பருவத்தில் உள்ள தெச்சிக் கிளைகளை மூன்று கணுவாக நறுக்கி, அடிமுனையை வேர்ப்பொடியில் தோய்த்து ஊன்றினோம். பிச்சித் துண்டுகளும் இரண்டு பாத்தி வைத்தோம். 'வைத்தோம்' என்பது மரியாதைக்காக எழுதுவது. முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் ஐந்து பேர், அதன்பின் நானும் ஒரு கூலியாளும்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்குப் பக்கத்துச் சவுக்குக் கம்புகள் இரண்டை முறித்து, வலையைப் பாதிவரை கிழித்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு நான்கு உறுப்பினர்களுக்குப் போன் செய்தேன். மூன்று பேர் எடுக்கவில்லை, ஒருவர் எடுத்துக் காற்று பலமாக இருக்கிறது என்று எனக்கே சொன்னார். என் மனைவி டார்ச் பிடிக்க, கிழிந்த இடத்தை நான் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டினேன். அந்தத் தையல் இன்றும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

தினமும் தண்ணீர் விடுகிறவர் கையெழுத்திட ஒரு நோட்டுப் போட்டிருந்தோம். ஆகஸ்டு மாதப் பக்கத்தில் ஏழு நாட்களுக்கு ஒரே கையெழுத்து, ஒரே பேனாவில், ஒரே சாய்வில் விழுந்திருக்கிறது. அந்த ஏழு நாளில் மூன்று பாத்திகள் காய்ந்தன. வந்த சிலர் செய்த காரியம் இன்னொரு வகை: வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு துண்டையும் மெல்ல இழுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் விட்டிருந்த வெள்ளை வேர் அதிலேயே அறுந்தது. தளிர் தானாக வரும்வரை கை வைக்கக்கூடாது என்று பலகை எழுதி மாட்டிய பிறகே சேதம் குறைந்தது. கிணற்றுத் தண்ணீரில் காரத் தன்மை இருந்ததால் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்த பிறகு நிறம் திரும்பியது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பொறை மண்ணில் இந்தத் தொல்லை அவ்வளவாக இராது. நம் பக்கத்தில் தெச்சி வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, ஊன்றியதில் பாதிக்குச் சற்று மேல் கன்றாகின. சந்தா கட்டியவர்களுக்கே கன்று என்பதுதான் விதி. பருவம் தவறிவிடும் என்று பலர் கேட்டுக்கொண்டதால், பிறகு கட்டுவார்கள் என்று நம்பி, என் சொந்தப் பொறுப்பில் அனைவருக்கும் கொடுத்தேன். அது என் தவறு. தை மாதம் நாகர்கோவில் போகும் வழியில் சாலையோர நர்சரி ஒன்றில் தெச்சிக் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பையின் அடியிலும் அடையாளத்துக்காக நான் வைத்த வெள்ளைப் பெயிண்டுப் பொட்டு இருந்தது. யார் விற்றது என்று இங்கே சொல்லப் போவதில்லை. விற்றவருக்கு அது தெரியும்.

பிச்சிக் கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை, மார்கழியில் எல்லோரும் ஒரே வாரத்தில் முடிக்காமல் மூன்று தவணையாகச் செய்தால், பூ ஒரேயடியாகச் சந்தைக்கு வந்து விலை சரிவதைக் கொஞ்சம் தடுக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். ஆள் கிடைத்த வாரத்தில்தான் வெட்ட முடியும் என்று பதில் வந்தது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் பூ, வரத்து மிகுந்த நாளில் பறிகூலிக்குக்கூடக் காணாமல் போவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பதிலை எழுதுகிறோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தணிக்கைக்கு வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், சென்ற ஆண்டின் கையிருப்பு நாற்றங்காலில் பெரும்பாலும் செலவாகிவிட்டது. வலை, கம்பு, கூலி வகையில் என் கையிலிருந்து போனது தனியாக எழுதப்பட்டிருக்கிறது, அதை நான் இப்போது கேட்கவில்லை. சந்தா பாக்கி உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் நிற்கிறது, சிலருக்கு மூன்றாண்டு. பாக்கிப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. இந்த முறை வேண்டாம் என்று நான்தான் தடுத்திருக்கிறேன்.

நிலத்தைக் குறைந்த குத்தகைக்குத் தந்தவருக்கும், பயிற்சி தந்த ஆராய்ச்சி நிலையத்தாருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கூலியாக வந்து கணக்குப் பார்க்காமல் உழைத்தவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பில் நான் தொடர்வது உறுப்பினர்கள் விருப்பத்தைப் பொறுத்தது. இளையவர் யாராவது முன்வந்தால் நோட்டுகளையும் முத்திரையையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். முன்வருபவர் ஆடி மாத இரவுகளில் வீட்டிலிருப்பவராக இருத்தல் நலம். தெச்சித் தாய்ச்செடிகள் இரண்டாம் வெட்டுக்குத் தயாராக நிற்கின்றன. மழை தொடங்குமுன் துண்டு ஊன்றினால்தான் இவ்வாண்டுக்குக் கன்று கிடைக்கும். அதற்குப் பைகளும், கிழிந்த வலைக்கு மாற்றும், காலையில் ஒரு மணி நேரம் வந்து நிற்கக்கூடிய ஆறு பேரும் தேவை. இந்த மாத இறுதிக்குள் சந்தாவைப் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றவர்களின் பெயர்கள் மட்டுமே கன்றுப் பட்டியலில் சேர்க்கப்படும். நாற்றங்கால் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. காலை ஐந்தரை மணிக்கு மேல் யார் வந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்