வெளியிடங்களில் குழந்தையின் அவசரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வீட்டில் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டது, வெளியே அழைத்துப் போகத்தான் மகள் தயங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். என் பேரனுக்கும் இரண்டரை வயது. நாங்களும் அதே கட்டத்தில்தான் இருக்கிறோம்.

சென்ற வாரம் ஒரு ரயில் நிலையக் காத்திருப்புக் கூடத்தில் அவன் "உச்சா" என்றதும், கழிப்பறை தூரமாயிற்றே என்று, கையோடு கொண்டுபோயிருந்த, குழந்தைகளுக்கான சிறு கழிப்பு இருக்கையை (potty) நாற்காலி வரிசைக்குப் பின்னால் வைத்து உட்கார வைத்தேன். குழந்தைதானே என்ற எண்ணம். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார். அதைவிட என்னை உறுத்தியது வேறு: பேரன் சட்டை நுனியை முழங்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் போகாமல் எழுந்துவிட்டான், ஐந்தே நிமிடத்தில் காற்சட்டை நனைந்தது. அவனுக்கும் கூச்சம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறருடைய சங்கடத்தைத் தவிர்ப்பதும் குழந்தையின் மானத்தைக் காப்பதும் வேறு வேறல்ல; இரண்டுக்கும் கதவு மூடிய ஓர் அறை வேண்டும்.

அதன் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்கிறேன். கிளம்பும் முன்பும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும் அழைத்துப் போகிறேன், ஏனெனில் வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசைவது இயல்பு. விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரெனப் பேச்சை நிறுத்தினாலோ, கால்களைப் பின்னிக்கொண்டாலோ காத்திருப்பதில்லை. வரிசை நீளமாக இருந்தால், குழந்தைக்கு அவசரம் என்று முன்னால் நிற்பவரிடம் பணிவாகக் கேட்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. பெரியவர்களுக்கான இருக்கையில் கால் தொங்கினால் குழந்தையால் தசையைத் தளர்த்த முடியாது. பாதத்துக்கு அடியில் என் பையை வைத்துத் தாங்கல் கொடுக்கிறேன். தானாகத் தண்ணீர் பாயும் கழிப்பறையில் அந்தச் சத்தத்துக்கு மிரளுவான், அதனால் அவன் இறங்கும்வரை சென்சாரைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

சின்னக் குழந்தையின் மலத்தில் கிருமி இராது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது சரியல்ல. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ கிருமியும் அதன் வழியாகவே பரவுகின்றன. பின்னதில் சிறு குழந்தைகள் பெரும்பாலும் நோய்க்குறி ஏதும் இல்லாமலே பிறருக்குத் தொற்றச் செய்துவிடுவார்கள். எனவே அவன் கையையும் என் கையையும் சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்த்துக் கழுவுகிறோம். தரை நனைந்துவிட்டால் துடைத்துவிட்டு, அங்குள்ள பணியாளரிடமும் சொல்லிவிடுகிறேன்.

நனைத்துவிட்ட குழந்தையை நாலு பேர் முன்னால் கடிந்துகொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல். பயந்த குழந்தை அடக்கத் தொடங்கும், அடக்கினால் மலச்சிக்கல் வரும், பிறகு போவதற்கே வலிக்கும். இரண்டு மாற்று உடையும் ஈரத்துணிக்கு ஒரு பையும் இருந்தால் போதும். முதலில் ஒரு மணி நேரம் மட்டும் வெளியே கூட்டிப் போகட்டும். எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி