செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் முறையாகக் கூடியது. இரத்ததான முகாமும் குடும்ப விழாவும் நல்லபடியாக நடந்தன.

அப்புறம், ஞாயிறு வகுப்பு. இணையவழிப் பாட வீடியோக்களைச் சங்க அறையில் சேர்ந்து பார்த்துப் படிக்கும் வகுப்பு. "செயலாளர் சங்கப் பணத்தில் புரொஜக்டர் வாங்கிப் படம் காட்டுகிறார்" என்று ஒரு பேச்சு ஓடுவதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நாமெல்லாம் டிப்ளமோ முடித்து ஷிப்ட் பார்ப்பவர்கள். வெளியூர்ப் பயிற்சி என்றால் கம்பெனியில் நம் பெயர் கடைசியில்தான் வரும். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். 2014 முதல், தேர்வு எழுதித் தேறினால் சான்றிதழும் உண்டு. படிக்கக் கட்டணம் கிடையாது. வினையே அங்கேதான். இலவசம் என்றதும் நாலு பாடத்துக்குப் பெயர் கொடுக்கிறோம், இரண்டாவது அசைன்மென்ட் வரும்போது ஆளைக் காணோம். 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டியவர்தான் கடைசிவரை நிற்கிறார்.

"நேரமில்லை" என்பவர்களுக்கு ஒன்று. 12 வாரப் பாடத்தில் வாராவாரம் வரும் அசைன்மென்ட்களில் சிறந்த 8ஐத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். நைட் ஷிப்டில் நாலு வாரம் விட்டுப்போனாலும் சமாளிக்கலாம். ஆனால் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அதில் 75க்கு 30 எடுக்காவிட்டால், அசைன்மென்டில் 25க்கு 25 வாங்கியிருந்தாலும் சான்றிதழ் இல்லை. தனியாக செல்போனில் பார்த்துவிட்டுப் போனவர்கள் தடுமாறியது இங்கேதான். வீடியோவை நிறுத்தி, "நம்ம மிஷின்ல இது எங்கே இருக்கு?" என்று நாலு பேர் தமிழில் பேசினால் ஆங்கிலப் பாடமும் பிடிபட்டுவிடுகிறது. புரொஜக்டர் வாங்கியது அதற்காகத்தான்.

போன பொதுக்குழுவில் இந்தத் திட்டத்துக்குக் கைதட்டாதவர் இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலும் குறைவில்லாமல் வந்தது. ஞாயிறு காலை மட்டும் நாற்காலிகள் காலி. வீட்டு வேலையையும் முடித்துவிட்டுத் தவறாமல் வந்தவர்கள் நம் பெண் உறுப்பினர்கள். இன்னும் உறுப்பினராகாத இளைஞர்கள் சிலரும் வந்தார்கள். அவர்களை உள்ளே விட்டதற்கும் ஆட்சேபம் எழுந்தது. எழுப்பியவர்களின் சந்தா நிலவரத்தைப் பொருளாளர் அறிவார்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன. சந்தா பாக்கி வந்திருந்தால் கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், அறையைத் திறந்துவிட்ட காவலாளி அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. வேறொருவர் முன்வந்தால் சந்தோஷம். யாரும் வராமல், ஞாயிறு வகுப்பையும் நிறுத்தக் கூடாது என்று பொதுக்குழு நினைத்தால், யோசிக்கலாம். ஜனவரிப் பருவப் பாடங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் தேர்வுக் கட்டணத்தைச் சங்கத்தில் முன்பணமாகக் கட்டிவிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.