தம்பிக்கு அண்ணன் உண்டா?

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதி அனுப்பும் மழலைக் குறும்புகளில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை கூத்துகளுக்குத்தான் எப்போதும் முதலிடம். ஆனால் பல துணுக்குகள் 'பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னாள், அசந்துபோனோம்' என்று முடிந்துவிடுகின்றன. பிள்ளை நெய்ததைவிடப் பெற்றோர் வைத்துத் தைத்த ஜரிகை அதிகமாகத் தெரிகிறது. அந்த வயதுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் இம்மியும் பிசகாமல் பிள்ளைகள் பேசும்போது வரும் சிரிப்பே தனி.

நாலைந்து வயதில் இருக்கும் மூத்தவனிடம் "உனக்குத் தம்பி இருக்கானா?" என்று கேளுங்கள். "இருக்கான்" என்பான். "உன் தம்பிக்கு அண்ணன் இருக்கானா?" என்றால் கொஞ்சமும் தயங்காமல் "இல்லையே" என்று வரும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே பிள்ளைகளிடம் இந்த மாதிரிக் கேள்விகள் கேட்டு, இதே மாதிரிப் பதில்களைப் பதிவு செய்திருக்கிறார். பொம்மை இருப்பதுபோல் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவ்வளவுதான். அந்த உறவை மறுமுனையில் நின்று பார்க்க இன்னும் வரவில்லை. "உங்க வீட்ல எத்தனை பிள்ளைங்க?" என்றால் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதும் இதனால்தான். கேட்கும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். "தம்பிக்கு அண்ணன் யாரு?" என்று கேட்டால் "நான்தான்" என்று சொல்லிவிடலாம். நாள் முழுக்க வீட்டில் 'அண்ணா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது அவனுக்கு இன்னொரு பெயராகவே ஆகியிருக்கும். "இருக்கானா?", "எத்தனை பேர்?" என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

சின்னதுகளின் கணக்கு இதைவிட ருசி. "நான் நெறைய சாப்பிட்டுப் பெரிசாயிட்டா, நீ எனக்குத் தம்பி ஆயிடுவ. அப்ப பாத்துக்கறேன்!" உயரமும் வயதும் அதற்கு ஒன்றுதான். சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் அளக்கும் வீடுகளில் இந்த மிரட்டல் அடிக்கடி கேட்கும்.

பங்கு பிரிப்பதில் வரும் சண்டைக்கு வருவோம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர்களில் 150 மில்லி வீதம் நன்னாரி சர்பத் ஊற்றி, "ரெண்டும் சமமா?" என்று கேளுங்கள். சமம் என்று பிள்ளையே ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அதன் கண்ணெதிரே ஒன்றை மட்டும் ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பெரும்பாலோர் உயரமானதில்தான் அதிகம் என்பார்கள். எவர்சில்வர் டம்ளரில் மட்டம் தெரியாது. ஆற்றிய பால் என்றால் நுரை ஏமாற்றிவிடும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளை பதிலை மாற்றும். எல்லாவற்றையும்விட முக்கியம், மூத்ததை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவது. இல்லையென்றால் அங்கிருந்தே பதில் வந்துவிடும்.

'உனக்கும் அதே அளவுதானே ஊத்தினேன்' என்று சின்னதை அதட்டுவதில் பயனில்லை. அதன் கண்ணுக்கு அது உண்மையிலேயே குறைவு. ஒரே மாதிரி டம்ளர் இரண்டு வாங்கி வைப்பது மலிவு. தோசை, கேக் என்றால் ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுக்கும் பழைய ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இருவரும் அளவைப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் அளவைவிட எண்ணிக்கைதான் பெரிது. மூத்தவள் சின்னதன் பிஸ்கட்டையே மூன்றாக உடைத்துக் கொடுத்து, "பாரு, உனக்கு மூணு, எனக்கு ஒண்ணுதான்" என்று தன் முழு பிஸ்கட்டைக் காட்டுவாள். அதற்கும் சந்தோஷம். அதே உத்தியால் பெரிய துண்டு தன் பக்கம் வரப் பார்ப்பாள் என்பதால் பெற்றோர் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

ரகசியம் காப்பதும் இப்படித்தான். பிறந்தநாளுக்கு வாங்கிய சேலையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பதையே மூன்று வயது அம்மாவிடம் போய்ச் சொல்லும். நம் வீடுகளில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசி நூல்தானே இருக்கும்? அதைக் காட்டி உள்ளே என்ன என்று கேளுங்கள், 'பிஸ்கட்' என்று வரும். திறந்து காட்டி மூடிவிட்டு, "அக்கா இன்னும் பாக்கல. உள்ள என்ன இருக்குன்னு அவ நெனப்பா?" என்று கேளுங்கள். மூன்று வயது 'நூல்' என்று அடித்துச் சொல்லும். நான்கு, ஐந்து வயதில் 'பிஸ்கட்' என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது கூடப் பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 1994-இல் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. எப்படியும் ஏமாற்றவும் ஏமாறவும் வீட்டிலேயே ஆள் இருப்பது நல்ல பயிற்சிதான்.

ஆகவே இந்தப் பகுதிக்குச் சில வரைமுறைகள் வேண்டும். வயதை ஆண்டு, மாதம் இரண்டோடும் கேட்டு வாங்குங்கள். மூன்று வயது இரண்டு மாதத்துக்கும் மூன்று வயது பதினொரு மாதத்துக்கும் நிறைய வித்தியாசம். பேச்சை அப்படியே அச்சிடுங்கள். 'நாளைக்குப் போனோமே' என்று பிள்ளை சொன்னதை 'நேற்று' என்று திருத்தினால் துணுக்கில் ஒன்றும் மிஞ்சாது. அதற்குச் சற்று முன் பெரியவர்கள் என்ன கேட்டார்கள் என்பதும் வேண்டும், பாதிச் சிரிப்பு அதில்தான். அன்றைக்கே குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போனால் பேச்சு தானாக அழகாகிவிடும்.

பெயர், பள்ளி, புகைப்படம் மூன்றையும் சேர்த்து வெளியிடாதீர்கள். படுக்கையை நனைத்தது, குளியலறைச் சமாச்சாரம் போன்றவை வந்தால் நிறுத்திவிடுங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளையைப் பற்றியது என்றால் அதன் சம்மதம் வாங்கியாயிற்றா என்று பெற்றோரிடம் ஒரு வரி கேட்டு வாங்குவது அவசியம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகப்போவது அந்தப் பிள்ளைதான்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்வி ஆசிரியை ஒருவர்,
மதுரை.