கஞ்சியும் குடி, மாத்திரையும் போடு

செங்கோட்டை

அன்பு மகள் கலாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். சாரல் இன்னும் விடவில்லை. உன் கைவிரல் மூட்டு வலியைப் போனில் கேட்டால், “ஒண்ணுமில்லப்பா, சாப்பாட்டை மாத்திட்டேன், சரியாயிட்டு வருது” என்று சொல்லி, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சீனியையும் பாக்கெட் தீனியையும் நிறுத்தினாயே, ரொம்ப நல்லது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை; அழற்சியை, அதாவது உடம்புக்குள் வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை, மாரடைப்பு எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. குத்தரிசிக் கஞ்சியும் பயறும் சாப்பிடு. அந்த நாரைக் குடலில் இருக்கிற பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து, அழற்சியைத் தணிக்கும் அமிலங்களாக்கித் தரும். சாளை கிடைத்தால் குழம்பு வை, பொரிக்காதே. இங்கே கொல்லத்திலிருந்து காலையிலேயே வந்துவிடுகிறது, பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். அதிலுள்ள ஒமேகா-3 மூட்டு வலியைக் கொஞ்சம் குறைக்கும். கொஞ்சம்தான். மஞ்சள் மாத்திரை மட்டும் வாங்காதே, அதனால் ஈரல் கெட்டவர்கள் உண்டு. குழம்பில் போடுகிற மஞ்சள் போதும்.

ஆனால் கலா, மோதிரம் ஏன் கழுத்துச் சங்கிலிக்குப் போனது? ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க மாப்பிள்ளையிடம் நீட்டினாய், அதையும் பார்த்தேன். காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் அது வேலைக் களைப்பு இல்லை. ஆச்சி கையைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபாக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று அம்மாவிடம் சொன்னாயாம். லேபிலேயே காலம் தள்ளிய அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை! நெகட்டிவ் வந்தாலும் முடக்குவாதம், அதாவது மூட்டு அழற்சி நோய், இருக்கலாம் அம்மா. இதே நோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை ஆன்டி-சி.சி.பி., அதைப் பார்த்தார்களா? அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எவ்வளவு? அழற்சிக்கே பார்க்கிற ஈ.எஸ்.ஆரை மட்டும் நம்பாதே, ரத்தசோகை இருந்தாலே அது ஏறும்.

சாப்பாடு மருந்துக்குத் துணை. அது மட்டும் இந்த நோயை நிறுத்தாது. மூட்டு எலும்பு அரித்துவிட்டால் பழையபடி ஆகாது. முதல் சில மாதங்களிலேயே மருந்தைத் தொடங்கினால்தான் அதைத் தடுக்க நல்ல வாய்ப்பு. இதற்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1988-ல்தான். ஆச்சிக்கு அதற்கு முன்பே விரல்கள் கோணிவிட்டன. அவளுக்கு வாய்க்காதது உனக்கு மருந்துக்கடையிலேயே இருக்கிறது.

அப்பா பேசக்கூடாத விஷயம் என்று நினைக்காதே. அந்த மாத்திரை போடும்போது பிள்ளை உண்டாகக்கூடாது என்பதால்தான் டாக்டர் பக்கமே போகாமல் இருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. அதையே டாக்டரிடம் முதலில் சொல். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் என்று கர்ப்ப காலத்திலும் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன. நோயை அடக்கிவிட்டுப் பிள்ளை உண்டாவதுதான் உனக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. மருந்து எதையும் நீயாகத் தொடங்கவும் வேண்டாம், நீயாக நிறுத்தவும் வேண்டாம். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. புனலூர் அத்தை கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ டீம் லீடர் ஆனதைத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. அதற்காக ராத்திரி இரண்டு மணி வரை விழிக்க வேண்டுமா? தூக்கம் கெட்டாலும் அழற்சி கூடும். ஈறில் ரத்தம் வருகிறது என்றாயே, பல் டாக்டரையும் பார். ஈறு நோய்க்கும் இந்த மூட்டு நோய்க்கும் தொடர்பு உண்டு. கஞ்சியை விடாதே. அடுத்த தடவை வரும்போது பார்டர் பரோட்டா ஒரு நாள் சாப்பிடலாம், அதில் ஒன்றும் ஆகிவிடாது.

மூட்டு நோய்க்கென்றே இருக்கிற ருமட்டாலஜி டாக்டரிடம் இந்த வாரமே தேதி வாங்கு. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அம்மா போனுக்கு வேண்டாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் நான் ரயில் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா