‘தம்பி’ என்றால் எந்தத் தம்பி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பட்டப்பெயர்கள் பற்றிய கட்டுரையில் ‘தம்பி’ என்ற பெயருக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அது திராவிட இயக்க மேடைகள் பரப்பிய அழைப்பு என்றும், யார் யாரை அப்படி அழைத்தாலும் அதில் பாசமே தொனிக்கும் என்றும் சொல்லிக் கட்டுரையாளர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதே பக்கத்தில், படத்தின் கீழே, திருவிதாங்கூர்த் தளவாய் (அரசின் தலைமை அமைச்சர்) வேலுத்தம்பியை ‘வேலுவின் தம்பி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். தம்பி என்ற சொல்லைக் கண்டதும் அதை உறவுமுறையாக மட்டுமே படித்துவிடும் பழக்கம்தான் இரண்டு பிழைகளுக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் நாகர்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் நெடுங்காலம் தபால்காரனாக வேலை பார்த்தவன். எண்பதுகளில் ஒருநாள், பம்பாயிலிருந்து 200 ரூபாய் மணியார்டர் ஒன்று வந்தது. பெறுநர் இடத்தில் ‘தம்பி, மேலத்தெரு’ என்று மட்டும் எழுதியிருந்தது. மேலத்தெருவில் எனக்குத் தெரிந்தே மூன்று தம்பிகள் இருந்தார்கள். ஒருவர் டீக்கடை தம்பி. மற்றொருவன் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பையன். மூன்றாமவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அந்தப் பெரியவரைத் தெருவில் ஒரு பாதி ‘தம்பி அண்ணன்’ என்றும் மறுபாதி ‘தம்பி தாத்தா’ என்றும் அழைத்தது. அவருடைய கூடப்பிறந்த தம்பியே அவரைத் ‘தம்பி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார். படிவத்தின் அடியில் இருந்த செய்திக் குறிப்பைப் படித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. ‘பல்லு கட்ட வச்சிக்கிடுங்க’ என்று எழுதியிருந்தது. டீக்கடைக்காரருக்கும் பையனுக்கும் பல் முழுதாக இருந்தது.

எழுபது வயது மனிதர் எப்படித் தம்பி ஆனார் என்பதற்கு எங்கள் பக்கத்து வீடுகளில் விடை எளிது. மூன்று அக்காமார்களுக்குப் பிறகு பிறந்த ஆண்பிள்ளையை அக்காமார் தம்பி என்பார்கள். அவர்களைப் பார்த்துத் தாயும் தந்தையும் தம்பி என்பார்கள். பிறகு பால் கொண்டுவருகிறவர் வரைக்கும் அதுவே பெயர். இன்னொரு காரணமும் உண்டு. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது வழக்கம். மருமகளோ மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தான் பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாய்க்குத் தம்பி என்ற சொல் பெரிய உதவியாக இருந்தது. அந்தத் தலைமுறையின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஊர் வாயில் தம்பியுமாக இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது, பதிவுத் தபாலோடு வீடு வீடாக அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சொல்லின் பிறப்பையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவர்தம் தந்தை என்று பழந்தமிழில் இருந்ததைப் போலவே எம்பி, உம்பி, தம்பி என்ற மூன்றும் இருந்தன. குகனிடம் இராமன் இலக்குவனைக் காட்டி உறவு சொல்லும் இடத்தைத் திருமங்கையாழ்வார் ‘உம்பி எம்பி’ என்றே பாடுகிறார். என் தம்பி உனக்கும் தம்பி என்பது அதன் கருத்து. காலப்போக்கில் எம்பியும் உம்பியும் வழக்கொழிந்து தம்பி மட்டும் நிலைத்தது. (இன்று எம்பி என்று எழுதினால் நாடாளுமன்ற உறுப்பினர்தான் நினைவுக்கு வருவார்.) தன்னுடைய தம்பியையும் பிறருடைய தம்பியையும் பிரித்துச் சொன்ன வேறுபாடு மறைந்த பிறகு, அந்த ஒரே சொல் யாருக்கும் உரியதாகி, உறவே இல்லாதவர்மீதும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

இனி வேலுத்தம்பிக்கு வருகிறேன். திருவிதாங்கூரில் மருமக்கள்தாய முறைப்படி அரசுரிமை மன்னரின் சகோதரி மகனுக்கே சென்றது. மன்னர் பெற்ற ஆண்மக்களுக்குத் தம்பி என்பதும் பெண்மக்களுக்குத் தங்கச்சி என்பதும் பட்டங்களாக இருந்தன. அந்தப் பட்டம் அரச குடும்பத்துக்கு வெளியே சிலருக்கும் வழங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் 1765இல் பிறந்து, தளவாயாக உயர்ந்து, 1809இல் குண்டறையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு எதிராக அறிக்கை விட்ட வேலுத்தம்பி அவர்களில் ஒருவர். வேலுத்தம்பி என்பது இருபெயரொட்டு. வேலுவாகிய தம்பி என்று விரியுமே தவிர வேலுவினுடைய தம்பி என்று விரியாது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளுக்காகப் பாடப்பட்ட புகழ்பெற்ற மலையாளத் தாலாட்டை இயற்றியவர் இரயிம்மன் தம்பி. அவருடைய மகள் குட்டிக்குஞ்சு தங்கச்சியும் கவிஞர். உங்கள் படக்குறிப்பை எழுதியவரின் கணக்குப்படி பார்த்தால், தந்தை தம்பியாகவும் மகள் தங்கையாகவும் நிற்பார்கள்.

அதே கன்னியாகுமரி மாவட்டத்தின் இடலாக்குடியில் 1874இல் பிறந்து, 1907இல் சென்னையில் நூறு செய்திகளில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்ற செய்குத்தம்பிப் பாவலர் பெயரில் இருப்பது அரச பட்டம் அன்று, பெற்றோர் இட்ட பெயர். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சிறை சென்றவரும், 1908இல் காந்தி தாக்கப்பட்டபோது உடனிருந்து அடிகளைத் தாங்கியவருமான தம்பி நாயுடுவை உலகம் கோவிந்தசாமி கிருஷ்ணசாமி என்ற பெயர்களால் அறியவில்லை. யாழ்ப்பாணத்தில் தம்பிப்பிள்ளை, தம்பிராசா, தம்பிமுத்து என்று அது முழுப்பெயரின் முன்பாதியாகவே அமையும். அந்த மரபில் வந்து, 1939இல் லண்டனில் ஆங்கிலக் கவிதை இதழ் ஒன்றைத் தொடங்கிய தம்பிமுத்துவை அங்கிருந்த கவிஞர்கள் ‘தம்பி’ என்றே அழைத்தார்கள். அதன் பொருள் அறிந்து எத்தனை பேர் அழைத்தார்களோ!

திராவிட இயக்கத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. அண்ணாதுரை என்ற பெயரின் முன்பாதியே அண்ணா ஆனதும், தொண்டர்கள் தாமாகவே தம்பிகள் ஆனார்கள். தம் இதழ்களில் தம்பிக்கு என்று விளித்து அவர் எழுதிய கடிதங்களும், நெடுஞ்செழியனைத் ‘தம்பி வா, தலைமை ஏற்க வா’ என்று அழைத்ததும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொலிவைத் தந்தன. ஆயினும் அது வீட்டிலிருந்து மேடைக்குப் போன சொல்லே அன்றி, மேடையிலிருந்து வீட்டுக்கு வந்த சொல் அன்று.

பாசம் மட்டுமே தொனிக்கும் என்பதைத்தான் என்னால் சிறிதும் ஏற்க முடியவில்லை. சிங்களத்தில் ‘தம்பியா’ என்பது முஸ்லிம்களை இழிவாகக் குறிக்கும் சொல். மலாயாவில் அலுவலகத்தில் ஏவல் வேலை செய்த தமிழரைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டதில், வயது எதுவானாலும் அவர் சின்ன ஆள் என்ற எண்ணமே இருந்தது. நம் ஊரிலும் ஐம்பது வயது ஓட்டுநரை இருபத்தைந்து வயது அதிகாரி, ‘தம்பி, வண்டிய எடு’ என்பதைக் கேட்டிருக்கிறேன். மேலத்தெருப் பெரியவரை அவருடைய தம்பி அழைத்ததும் இதுவும் ஒரே சொல்தான். ஆனால் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்த எவரும் இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது வேலுத்தம்பி என்பதை இடைவெளி விடாமல், தகர ஒற்று விழுந்துவிடாமல் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
நாகர்கோவில்.